கடைமடைக்காரர்

பல்லை வைத்து, அதற்குரியவர் எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று சொல்லிவிடும் கருவி ஒன்று அடிலெய்டில் பூங்கோதையின் ஆய்வகத்தில் இருந்தது. அதற்கு நீளமான அறிவியல் பெயர் உண்டு. ஆய்வகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. தண்ணீர்ப்பெட்டி என்பார்கள். ஓர் அரிசியில் பாதி அளவுக்குப் பல்லைச் சுரண்டிப் பொடியாகக் கொடுத்தால் போதும், திரையில் உலக வரைபடம் விரிந்து, சுருங்கிச் சுருங்கி ஓர் ஆற்றில், சில சமயம் ஒரு கிணற்றில் போய் நிற்கும்.

பூங்கோதை தாராபுரத்துக்காரி. மண்ணையும் பாறையையும் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்கு வந்தவள். முதல் பதினைந்து வருடம் சுரங்கக் கம்பெனிகளுக்குக் கல் சோதித்துக் கொடுத்தாள். சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தான் சொன்ன இடத்தில் பிறகு என்ன நடந்தது என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தாள். மலை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. அந்த மலை யாருக்கோ வேண்டப்பட்ட மலை என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதோடு அந்த வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தாள்.

இந்தப் பக்கம் என்பது எலும்புகளை வீட்டுக்கு அனுப்பும் வேலை. வெள்ளைக்காரர்கள் வந்து நிலத்தைப் பிடித்த காலத்தில், அந்த நிலத்தின் பூர்வகுடி மக்களுடைய கல்லறைகளையும் தோண்டினார்கள். மண்டையோட்டை அளந்து பார்த்தால் எந்த இனம் உசத்தி என்று தெரிந்துவிடும் என ஐரோப்பாவில் படித்தவர்களெல்லாம் நம்பிய காலம் அது. எலும்புகள் கப்பலேறின. பிறகு அந்தப் பைத்தியம் தெளிந்தது. எலும்புகள் மட்டும் அலமாரிகளில் தங்கிவிட்டன. இப்போது திருப்பிக் கொடுக்கப் பல அருங்காட்சியகங்கள் சம்மதித்துவிட்டன. சிக்கல் வேறு. பெரும்பாலான பெட்டிகளின் மேல் ‘ஆஸ்திரேலியா’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு கண்டத்தின் பெயரை வைத்துக்கொண்டு யாரை எந்த ஆற்றங்கரையில் அடக்கம் செய்வது?

அதற்காகத்தான் தண்ணீர்ப்பெட்டி.

கால்டர்ஸ் பெண்ட் என்பது உள்நாட்டில் ஓர் ஆற்று வளைவில் இருக்கும் சின்ன ஊர். கால்டர் என்ற வெள்ளைக்காரர் அங்கே கொஞ்ச நாள் கூடாரம் போட்டாராம், பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஊர்ப் பூர்வகுடி மக்களின் முன்னோர் ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறார்கள் என்று தெரியவந்தபோது பூங்கோதை கருவியைப் பற்றிப் பேச அங்கே போனாள். திரும்பப் பெறும் குழுவுக்குத் தலைவி நரெல் கோர்டன். முப்பது வருடம் ஊர் கிளினிக்கில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். பருத்த உடம்பு, கணீரென்ற குரல், யார் பேசினாலும் நடுவில் புகுந்து கேள்வி கேட்கும் வழக்கம்.

“பல்லு எப்படிம்மா பேசும்?” என்று கேட்டார்.

“சின்ன வயசுல பல் உருவாகும்போது குடிக்கிற தண்ணியில இருக்கிற தாதுக்கள் உள்ள போய்ப் படிஞ்சிரும். மரத்துக்கு வருஷ வளையம் மாதிரி பல்லுக்கும் அடுக்கு அடுக்கா வளையம் இருக்கு. ஒருதடவை படிஞ்சா மாறாது. நீங்க அப்புறம் எங்க குடிபோனாலும் பல் பிறந்த ஊர்லயேதான் இருக்கும்.”

“அப்போ நான் பிறந்த ஊர்ல பாதி, பல் டாக்டரோட குப்பைக்கூடைக்குப் போயிருச்சு,” என்றார் நரெல். கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். மரபணு சோதனை கூடாது. படம் எடுக்கக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் மடுக்களின் தண்ணீர் தருகிறோம். ஆனால் எந்தத் தண்ணீர் எந்த மடு என்ற வரைபடம் எங்கள் ஊரையும் உன் கருவியையும் விட்டு வெளியே போகக் கூடாது.

பூங்கோதை ஒப்புக்கொண்டாள். சொன்னபடி நடந்தும் காட்டினாள். நிலத்தடி நீரைத் தேடிக்கொண்டிருந்த ஒரு சுரங்கக் கம்பெனி அந்த வரைபடத்துக்கு ஆள் அனுப்பியபோது, வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். நரெலுக்கு அது எப்படியோ தெரிந்து, அதன்பிறகு அவளைக் ‘கோதை’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

எலும்புகள் அடிலெய்டு வந்து சேர்ந்தன. அறிக்கை முடியும்வரை அவை அருங்காட்சியகத்தின் சொத்துதான். ஆய்வகத்தை ஒட்டிய அறையில், நரெலின் ஆட்கள் இறந்தவர்களுக்கான சடங்காக மூட்டிய இலைப்புகையின் வாசம் போகாத அந்த அறையில், ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். பூங்கோதை உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போவாள். யாரும் கேட்கவில்லை, அவளுக்கே அப்படித் தோன்றியது.

பெரும்பாலும் எல்லாரும் கால்டர்ஸ் பெண்டுக்குத்தான் போனார்கள். ஒவ்வொரு பல்லாகத் திரையில் அதே ஆற்றில், அதே மடுக்களில் போய் நின்றது. அவளுக்கு மனசு நிறைந்துகொண்டே வந்தது.

ஒரு மதியம், ஓர் ஆணின் பல்லை வைத்தாள். வரைபடம் விரிந்தது. சுருங்கவேண்டிய இடத்தில் சுருங்காமல் ஆஸ்திரேலியாவை விட்டே நழுவியது. கடலைத் தாண்டியது. வடக்கே போய், வங்காள விரிகுடாவின் ஓரத்தில், காவிரி கடலில் கலக்கும் கடைமடையில் நின்றது. நாகப்பட்டினத்துக்குச் சற்று வடக்கே.

கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். சுத்தம் செய்தாள், வேறொரு பல்லிலிருந்து பொடி எடுத்தாள். மறுபடியும் கடைமடை. வண்டலும் உப்புக்காற்றும் கலந்த அந்தத் தண்ணீர் வேறெங்கும் கிடையாது. தாராபுரத்தில் அவள் குடித்து வளர்ந்த அமராவதித் தண்ணீரும் காவிரியில் கலந்து அங்கேதான் போய்ச் சேரும். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். துணிக்கடியில் கிடக்கும் மனிதரிடம் ஏதாவது பேசவேண்டும் போல இருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அப்புறம்தான் பயம் வந்தது. அருங்காட்சியகம் இந்தத் தொகுப்பைச் சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. கொடுக்கப்படும் ஒவ்வொருவரும் அந்த மண்ணில் பிறந்தவர் என்று அறிவியல் சொல்ல வேண்டும். ஒருவர் விஷயத்தில் பிசகினாலும் மொத்தத் தொகுப்பும் மறுவிசாரணைக்குப் போகும் என்று அவர்களின் குழு நிபந்தனை போட்டிருந்தது. முன்பு ஒருமுறை அப்படித்தான் விசாரணை என்று இழுத்தடித்தார்கள். அந்தக் காத்திருப்பிலேயே நரெலின் அம்மா இறந்துபோனார்.

பொய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ‘பல் மிகவும் தேய்ந்துள்ளது, வாசிக்க இயலவில்லை’ என்று ஒரு வரி. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாசிக்க முடியாதது பிசகில் சேராது. எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அந்த மனிதர் மட்டும் பெயரில்லாத பெட்டியில் மறுபடி கப்பலோ விமானமோ ஏறி அலமாரிக்குப் போவார்.

மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு கால்டர்ஸ் பெண்டுக்குப் போனாள்.

நரெல் வீட்டு வாசலில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பூங்கோதை சொன்னதையெல்லாம் கத்தியை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு, “உன் ஊர்க்காரரா?” என்றார்.

“என் ஊர் இல்ல. ஆனா என் பாஷை பேசியிருப்பார்.”

“இங்க எப்படி வந்தார்?”

“தெரியல.”

“இத என்கிட்டச் சொல்லாம விட்டிருக்கலாமே நீ.”

“அப்படி நினைச்சேன். விட்டா அவர் மட்டும் திரும்ப அலமாரிக்குப் போகணும். அதுவும் உங்களுக்குத் தெரியாம போகணும். முடியல.”

கோபம் வருகிறதா என்று பூங்கோதை அவர் முகத்தைப் பார்த்தாள். வந்தது கோபம் இல்லை, நர்ஸின் கேள்வி.

“பல்லு பிறந்த ஊரைச் சொல்லும்னே. எலும்பு? எலும்பு அப்படி இருக்காதே. அது தேஞ்சு தேஞ்சு புதுசா வளருமே.”

“ஆமா. பெரிய எலும்பு முழுசா மாற ஏறக்குறைய பத்து வருஷம் ஆகும்.”

“அப்போ அவர் கடைசியா யார் தண்ணி குடிச்சார்னு அது சொல்லும்ல?”

பூங்கோதைக்கு அது தோன்றாமல் இல்லை. எலும்பைத் தொட அனுமதி வாங்கியிருக்கவில்லை, அதனால் கேட்கத் தயங்கினாள். நரெல் தன் குழுவைக் கூட்டிப் பேசினார். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. அந்த மனிதருடைய எலும்பைப் பார்க்கலாம். ஒப்பிட மற்றவர்களுடைய எலும்பும் வேண்டுமென்றால், சிதைக்காமல், கொஞ்சமே கொஞ்சம்.

அடிலெய்டு திரும்பியதும் பூங்கோதை பிரகாசம் அண்ணருக்குத் தொலைபேசினாள். அவர் யாழ்ப்பாணத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து, யுத்தம் முடிந்த கையோடு படகில் வந்து, தடுப்பு முகாமில் வருடக்கணக்கில் கிடந்து, பிறகு இந்த ஊர்க்காரராகிவிட்டவர். நகரத்துத் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர்.

“ஆரிட்டயும் சொல்லாதேங்கோ அண்ணா,” என்று அவர் பேச்சிலேயே ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னாள். எதிர்முனையில் பிரகாசம் மறுபடி சரித்திர வாத்தியாரானார்.

“அந்தக் காலத்தில நாகப்பட்டினத்தில இருந்து கப்பல் கப்பலா ஆக்களை ஒப்பந்தம் எண்டு ஏத்தினவங்கள் தங்கச்சி. இலங்கைக்கு, மொரீசியசுக்கு. இங்கேயும் கொஞ்சப்பேரை ஆடு மேய்க்கக் கொண்டு வந்திருக்கிறாங்கள். சம்பளம் இல்லை, ஒழுங்கான சாப்பாடு இல்லை. கனபேர் காட்டுக்குள்ள ஓடினவங்கள். ஓடினவங்களுக்கு என்ன நடந்தது எண்டு ஆருக்கும் தெரியாது,” என்றார். “ஒருத்தருக்கு என்ன நடந்தது எண்டு இப்ப உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது. நாங்கள் நேற்று வந்து ஏறின சனம் எண்டு சொல்லுறவங்களுக்கு இனி ஒரு பதில் இருக்கு. அவருக்கு நாங்கள் ஒரு நினைவு மண்டபம் கட்ட வேணும்.”

பூங்கோதை அவரைக் குறைசொல்லவில்லை. முகாமின் வேலிக்குள் கிடந்தவருக்கு அப்படித்தான் தோன்றும். எலும்பின் முடிவு வரட்டும், நீங்களும் கால்டர்ஸ் பெண்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

முடிவு வந்தபோது அவள் தனியாகத்தான் இருந்தாள். அதைப் பார்த்தபிறகு அன்று வேறு வேலை எதுவும் அவளுக்கு ஓடவில்லை.

ஊர் கிளினிக்கின் கூடத்தில் நரெலும் குழுவினரும் பிரகாசமும் உட்கார்ந்திருக்க, அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

“அவருக்கு முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். கடைசிப் பத்து வருஷம் முழுக்க இந்த ஆத்துத் தண்ணிதான் குடிச்சிருக்கார். மத்தவங்க எலும்புல எப்படிப் பல மடுத் தண்ணி கலந்திருக்கோ, அதே மாதிரி அவருக்கும். அவங்க எங்கெல்லாம் போனாங்களோ அங்கெல்லாம் அவரும் போயிருக்கார். அவங்க சாப்பிட்டதத்தான் சாப்பிட்டிருக்கார்.”

நரெல் தலையை ஆட்டினார்.

“அவரோட வலது தொடையெலும்பு, இங்க வந்து ஒண்ணு ரெண்டு வருஷத்துல முறிஞ்சிருக்கு. மோசமா முறிஞ்சிருக்கு. ஆனா நேரா கூடியிருக்கு. கூடின இடத்துல புதுசா வளர்ந்த எலும்ப மட்டும் தனியா வாசிச்சேன். அதுல பல தண்ணி இல்ல. ஒரே மடு. கோடையில வத்திக் கெட்டியாகிப்போன தண்ணி.”

“அந்த மடுல கோடையில யாரும் இருக்க மாட்டாங்க,” என்றார் குழுவில் ஒருவர். “மழைக்காலத்து இடம் அது. கோடை வந்தா பெரிய மடுவுக்குப் போயிருவாங்க. எங்க பாட்டன் காலத்துலயும் அப்படித்தான்.”

“அந்தக் கோடை போகல,” என்றாள் பூங்கோதை. “அவர நடக்க வைக்க முடியாது. அதனால இருந்திருக்காங்க.”

“அவங்க இருந்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவர மட்டும் விட்டுட்டுப் போயிருக்கலாமே?” இது நரெல். சந்தேகத்தால் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டார்.

“ஒரு பொண்ணோட பல் சொல்லுது,” என்றாள் பூங்கோதை. “இறந்தப்ப அவளுக்குப் பதினாறு பதினேழு வயசு. ஆனா அந்தக் கோடையில எட்டு ஒன்பது வயசுக் குழந்தை. பல் வளர்ந்துக்கிட்டிருந்த வயசு. அவ பல்லுல ஒரு வளையத்துல அதே மடு, அதே வத்தின தண்ணி. அந்த வளையம் ரொம்ப மெலிசு. பக்கத்து வளையத்துல பாதி கூட இல்ல. பட்டினி கிடந்தா பல் அப்படித்தான் வளரும். அவ மட்டும் இல்ல, அந்த வயசுல இருந்த மத்த குழந்தைகளுக்கும் அப்படியே இருக்கு. அடுத்த வளையத்துல எல்லாரும் சரியாயிடறாங்க. அவரும் எழுந்து நடந்திருக்கார்.”

பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

“அப்புறம்?” என்றார் நரெல். பதில் தெரிந்தே கேட்டார்.

“அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆத்து வளைவுல இறந்தவங்க எல்லார் எலும்புலயும் இருக்கிற ஈயம் அவர் விலா எலும்புலயும் இருக்கு. அவங்களோடதான் அவரையும் சுட்டிருக்காங்க.”

வளைவில் நடந்தது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டுப் பண்ணைக்காரர்கள் விடியற்காலையில் வந்து சுட்டது, தப்பித்தவர்கள் திரும்பி வந்து இறந்தவர்களை அடக்கம் செய்தது, பிறகு ஒரு டாக்டர் வண்டி கட்டிக்கொண்டு வந்து கல்லறைகளைத் தோண்டியது எல்லாம். அரசாங்கத்தின் சரித்திரத்தில்தான் அது இல்லாமல் இருந்தது.

பிரகாசம் மெல்ல எழுந்து, தன் ஆசையை ஆங்கிலத்தில் நரெலிடம் சொன்னார். நகரத்தில் மண்டபம், கல்வெட்டு, வருடம்தோறும் விழா. மரியாதையாகத்தான் சொன்னார். நரெல் முழுவதும் கேட்டார்.

“பார்க்க ஆள் வருவாங்களா?”

“வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வருவார்கள்.”

“நூத்திச் சொச்சம் வருஷமா அவரப் பார்க்க ஆள் வந்துக்கிட்டேதான் இருந்தாங்க, சார்,” என்றார் நரெல். “கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்களும்தான்.”

பிரகாசம் உட்கார்ந்துவிட்டார். சற்றுப் பொறுத்துப் பூங்கோதையிடம் தமிழில், “அவ சொல்லுறது சரி தங்கச்சி,” என்றார். “நான் வேலிக்குள்ள இருந்த காலத்தில வேலிக்கு வெளியில நிண்டு படம் எடுத்தவங்களை எனக்கு இப்பவும் பிடிக்காது.”

அருங்காட்சியகத்தின் விசாரணை அதே கூடத்தில், சுவரில் மாட்டிய திரை வழியாக நடந்தது. அந்தப் பக்கத்தில் தொகுப்பின் பொறுப்பாளர் டாக்டர் ஆன்டன் ரீட்பெர்க்கும் அவர் குழுவும். ரீட்பெர்க் கெட்ட மனிதர் இல்லை. விதியை நம்பி வாழ்ந்து பழகியவர். பூங்கோதை எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் படித்தாள். காவிரி என்ற சொல்லை அவர் சரியாக உச்சரிக்க முயன்றார்.

“உங்கள் நேர்மைக்கு நன்றி,” என்றார். “ஆனால் இதன்படி அந்த நபர் பூர்வகுடி அல்ல. எங்கள் நிபந்தனை பிறப்பைப் பற்றியது. வருத்தத்தோடு சொல்கிறேன், முழுத் தொகுப்பையும் மறுபடி...”

“நான் ஒண்ணு கேட்கலாமா?” என்றார் நரெல். “உங்க டாக்டர் அவர எங்கிருந்து எடுத்தார்?”

“கல்லறையிலிருந்து.”

“யாரோட கல்லறை?”

ரீட்பெர்க் தயங்கினார். “உங்கள் முன்னோர்களுடையது.”

“அவர் மேல காவி மண் பூசியிருக்கு. மரப்பட்டையில சுத்தியிருக்காங்க. எங்க ஆளுங்களுக்கு என்ன செஞ்சாங்களோ அதையேதான் அவருக்கும் செஞ்சிருக்காங்க. சுட்டவங்க எப்ப திரும்பி வருவாங்களோங்கிற பயத்துல, அவசர அவசரமா செஞ்சிருக்காங்க. அப்படிப்பட்ட நேரத்துல வேண்டாதவனுக்கு யாராவது குழி வெட்டுவாங்களா?” நரெலின் குரல் உயரவில்லை. “எங்க கல்லறையில யார் இருக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணினோம். அந்த முடிவை எடுத்தாச்சு. நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. நீங்க அத மாத்த முடியாது டாக்டர். அவர் காவிரிக்காரர்தான். எங்களோட ஆளும்தான். இதுல உங்களுக்கு என்ன குழப்பம்?”

திரையில் யாரோ இருமினார்கள். ரீட்பெர்க் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அந்தப் பெண்ணின் பல் வாசிப்பை மறுபடி காட்ட முடியுமா?” என்று கேட்டார். பூங்கோதை காட்டினாள். தடித்த வளையங்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய கோடு. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

“எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்,” என்றார். குழுவோடு பேசிவிட்டுத் தகவல் சொல்வதாக அவர் சொன்னதும் திரை அணைந்தது.

வாரங்கள் போயின. பூங்கோதைக்குத் தூக்கம் சரியில்லை. தான் அந்த ஒரு வரிப் பொய்யை எழுதியிருக்கலாமோ என்று பலமுறை தோன்றியது. நரெலிடம் ஒருமுறை அதைச் சொல்லியும்விட்டாள். “சும்மா இரு,” என்றார் நரெல். “அந்தப் பொண்ணு பட்டினி கிடந்தது யாருக்குமே தெரியாம போயிருக்கும்.”

பிறகு செய்தி வந்தது. எல்லாரையும் அனுப்புகிறோம். நிபந்தனையில் ‘பிறந்தவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘அடக்கம் செய்யப்பட்டவர்’ என்று மாற்றியிருக்கிறோம். இனி மற்ற தொகுப்புகளுக்கும் அப்படியே. ரீட்பெர்க் தானே வந்து ஒப்படைத்தார். வந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல், சொன்ன இடத்தில் நின்றார்.

அடக்கம் ஆற்று வளைவில், பழைய இடத்திலேயே நடந்தது. காலை வெயில் இதமாக இருந்தது. பிரகாசம் நகரத்திலிருந்து பூமாலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். போடலாமா என்று நரெலிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார். பூ சரி, நைலான் கயிறு வேண்டாம், ஆற்றுக்கு ஆகாது என்று பதில் வந்ததால், வாழைநார் தேடி நகரம் முழுக்க அலைந்திருக்கிறார்.

அன்று அங்கே நடந்ததில் வெளியே சொல்லக்கூடியது கொஞ்சம்தான். புகை மூட்டினார்கள். அழுதார்கள். ஒவ்வொருவரையும் மண்ணுக்குள் வைக்கும்போது அவர்களுடைய மொழியில் கூப்பிட்டு, வீடு வந்துவிட்டது என்று சொன்னார்கள். பேச ஆளில்லாமல் போன மொழி அது. பள்ளிக்கூடத்தில் மறுபடி கற்றுக்கொண்ட பிள்ளைகள் பிழையில்லாமல் சொன்னார்கள்.

கடைமடைக்காரரின் முறை வந்தது. அவருக்கும் அந்த மொழியிலேயே சொன்னார்கள். பிறகு நரெல் பூங்கோதையைப் பார்த்தார்.

“அவருக்கு எங்க பாஷை நல்லாவே புரிஞ்சிருக்கும். இருந்தாலும் அம்மா பேசின பாஷையக் கேட்டு ரொம்ப நாள் ஆச்சு இல்லையா. நீயும் சொல்லு.”

பூங்கோதை முன்னால் போனாள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். ஐயா, பெரியவரே, தாத்தா. எத்தனை தலைமுறைக்கு முந்தியவர். குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டபோதுதான் உறைத்தது, இவர் முப்பதைத் தாண்டாதவர், தனக்கோ ஐம்பது.

“தம்பி,” என்றாள். “வீடு வந்துருச்சுப்பா. படுத்துக்க.”

பிரகாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலையை வைத்தார்கள், மண் போட்டார்கள்.

அடுத்த குழி அந்தப் பெண்ணுடையது. அவளுக்குச் சொல்லவேண்டியதை அவள் மக்கள் சொல்லி முடித்தார்கள். பூங்கோதைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ஆனாலும் கால் நகரவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் கால் முறிந்து கிடக்கிறான் என்று ஒரு கோடை முழுவதும் அரைவயிறாய்க் கிடந்த பிள்ளை. ஏன் இன்னும் போகவில்லை என்று அம்மாவிடம் அழுதிருக்கும். அவன் நடக்க ஆரம்பித்த அன்றைக்கு யாரைவிடவும் அதுதான் சந்தோஷப்பட்டிருக்கும். நன்றி என்று சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருந்தது. தாராபுரத்தில் யாரும் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வதில்லை.

நரெலை ஒருமுறை பார்த்தாள். நரெல் தலையசைத்தார்.

ஒரு கை மண்ணை அள்ளி மெதுவாகப் போட்டாள்.

“நல்லா இரு கண்ணு,” என்றாள்.